பந்தயத்தில் ஓடிய முட்டைக் கார்

பல்செட்காரர் பந்தயத்தில் இண்டிகேட்டர் போடுகிற ஆள். தொலைக்காட்சித் திரையில் மற்ற கார்களெல்லாம் தலைதெறிக்கப் பறந்துகொண்டிருக்கும். இவர் மட்டும் இடது ஓரத்தில் தன் பாட்டுக்குப் போவார். வளைவு வருவதற்கு வெகு முன்பே இண்டிகேட்டரைத் தட்டுவார், கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்ப்பார், அவன் போய்த் தொலையட்டும் என்று வழிவிட்டு அப்புறம்தான் திருப்புவார். எவனாவது வந்து இடித்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இடித்தவன் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்வானா என்று காத்திருப்பார். அவன் உலகத்தின் எந்த மூலையில் டிவி முன்னால் உட்கார்ந்து விளையாடுகிறானோ, எங்கே இறங்கி வருவது? கடைசி இடம் எப்போதும் இவருக்குத்தான். அதை அவர் கண்டுகொண்டதே இல்லை. அவருடைய கவலை வேறு.

அவருக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் வைத்தியர் இல்லை. வைத்தியர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, ரோஸ் நிற ஈறோடு பளபளவென்று திருப்பி அனுப்புவது இவர் வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளைத் தூசி ஒட்டும். மெழுகு உருகும் வாசனை சமையலறை வரைக்கும் போகும். ஜன்னலோரப் பலகையில் யார் யாருடைய வாய்களோ வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் திடுக்கிட்டுத்தான் போவார்கள்.

இந்தத் தொழிலில் மனிதருக்கு ஒரு பிடிவாதம். பல் என்றால் போன பல் மாதிரியே இருக்க வேண்டும். கோத்து வைத்த மாதிரி வரிசையாக வேண்டும் என்று யாராவது கேட்டால், "அது உங்க பல்லு இல்லங்க, விளம்பரத்துல சிரிக்கிறவன் பல்லு" என்பார். பழைய போட்டோவைக் கேட்டு வாங்கி, முன்பல் ஒன்று லேசாக மடங்கியிருந்தால் அதையும் மடக்கியே வைப்பார். வைத்தியர்கள் இதற்காக அவரிடம் சண்டைக்கு வந்ததும் உண்டு. வாயைத் திறந்து பதில் சொல்லாமல் வேலையைப் பார்ப்பார். ஊரார் வாயையெல்லாம் நிரப்புகிற மனிதர், தன் வாயைத் திறப்பதில் பரம கஞ்சன்.

அவர் மனைவி அதற்கு நேர்மாறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நாள் முழுக்க ஊரார் குரலைக் கேட்டு இணைத்துவிட்டு வந்த பிறகும் பேச்சு மிச்சம் இருக்கும் அவளிடம். போன வருஷம் ஒரு காலையில் குளியலறையில் சுருண்டு விழுந்தாள். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நாக்கு நன்றாகத்தான் இருந்தது. இடது கையும் காலும்தான் சொன்னபடி கேட்கவில்லை. கைத்தடி வைத்துக்கொண்டு கூடத்துக்கும் குளியலறைக்கும் நடக்கிற அளவுக்குத் தேறினாள். ஆனால் அவளிடமிருந்து ஏதோ ஒன்று ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. கூடத்தில் வலது பக்க ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. காலையில் அதில் உட்கார்ந்தாள் என்றால் தெருவைப் பார்த்தபடியே பொழுதைக் கழிப்பாள். என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பாள். வெளியே போகலாமா என்றால் அதற்கும் அதே பதில்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீடியோ கேம். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஸ்டியரிங்கைத் திருகிப் பொருத்தினாள், கீழே பெடல்களை வைத்தாள், ஒயர்களை டிவியில் சொருகினாள்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா இது?" என்றார் பல்செட்காரர்.

"சும்மா இருங்கப்பா. இதுல என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க."

திரையில் கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வழுக்கிக்கொண்டு போகும் உடம்போடு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பந்தயக் கார்கள். பிறகு திடீரென்று, அந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கல்யாண வீட்டுக்கு வழிதவறி வந்த ஆள் மாதிரி ஒரு சின்னக் கார் நின்றது. உருண்டை முதுகு. உருண்டை விளக்குகள். வெளிர் மஞ்சள் நிறம்.

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "அட, முட்ட."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பல மாதங்களாகத் தெருவைத் தவிர எதையும் பார்க்காத கண்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தில் அந்தப் பழைய களை ஒரு நொடி வந்து நின்றது.

முட்டைக் கார் என்பது கம்பெனி வைத்த பெயர் இல்லை. அதன் வடிவத்தைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று நிற்கும். கல்யாணமான புதிதில் இவர்கள் ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். அவர் அப்போது ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய பல் பட்டறையில் வேலை பார்த்தார். போகிற வழியில் அவளை எக்ஸ்சேஞ்சில் இறக்கிவிடுவார், மாலையில் ஏற்றிக்கொண்டு வருவார். அவளுக்கு நைட் டூட்டி என்றால் விடியற்காலையில் போய் ஏற்றிக்கொண்டு வருவார். மழை பெய்தால் கூரை ஓரத்தில் சொட்டும். அவள் மடியில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். மகள் பிறந்து வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில்தான். காய்ச்சல் வந்து அழுத ராத்திரிகளில் அவளைத் தூங்கவைத்ததும் அந்த வண்டியின் குலுக்கல்தான். பிறகு அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கி, பட்டறை வீட்டுக்கே வந்துவிட்டது. உதிரி பாகமும் கிடைக்கவில்லை. வண்டியை விற்றார். வாங்கியவன் ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். அப்புறம் அவர்கள் வேறு வண்டி வாங்கவில்லை.

அந்த வண்டியைத்தான் மகள் இப்போது திரையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பல்செட்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு சுற்று ஓட்டினார். டாஷ்போர்டில் பெட்ரோல் முள், வேகமுள், நடுவில் அந்தச் சின்னச் சதுரக் கடிகாரம். எல்லாம் அப்படியே இருந்தன. ஓட்டி முடித்துவிட்டு, பரீட்சை எழுதிய பையன் மாதிரி மனைவியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா நம்ம வண்டி இல்ல."

முகம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

அவ்வளவுதான். அன்றைக்கே பல்செட்காரர் முடிவு செய்துவிட்டார். இது எங்கேயோ நூலிழை தப்பியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால், அவள் வாயால் ஒருமுறை 'இது நம்ம வண்டிதான்' என்று சொல்ல வைத்துவிட்டால், ஆஸ்பத்திரியில் விட்டுவந்த அவளும் திரும்பி வந்துவிடுவாள். இதற்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் ஆதாரம் கிடையாது. ஆனால் அவர் அதை உயிராக நம்பினார்.

மறுநாளிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. பட்டறையில் மெழுகு ஆறுகிற நேரமெல்லாம் அவர் கூடத்தில் ஸ்டியரிங் முன்னால் இருந்தார். போட்டியில் ஓடுகிறவர்களுக்கு இவர் ஒரு தொல்லை. இவருக்கு அவர்கள் ஒரு தொல்லை. நடுப் பந்தயத்தில் வண்டியை நிறுத்தி வைப்பரைப் போட்டுப் பார்ப்பார். ஒரு வாரத்துக்குள் குற்றப்பத்திரிகை தயார். வைப்பர் வந்து படுக்கிற பக்கம் தப்பு. கதவு சாத்தும் சத்தம் மெத்தென்று பணக்கார வண்டி மாதிரி கேட்கிறது. முட்டைக் கார் கதவு பிஸ்கட் டப்பா மூடி மாதிரி கேட்க வேண்டும். இரண்டாம் கியரில் என்ஜின் ஒரு முனகு முனகும். இதில் முனகலைக் காணோம். மகளுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் அதையெல்லாம் கேம் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள்.

ஆச்சரியம், பதில் வந்தது. அந்தக் கம்பெனியில் கார்களை வரைவதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். எங்கோ ஒரு காட்சிக்கூடத்தில் நிற்கும் முட்டைக் காரை ஒளிக்கதிர் பாய்ச்சி அங்குலம் அங்குலமாக அளந்தோம், புகைக்குழாய் பக்கத்தில் மைக் கட்டிச் சத்தத்தைப் பதிவு செய்தோம், ஆனால் அது புதுப்பித்த வண்டி, அதனால் தவறு வந்திருக்கலாம், பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாள். தன்னைப் போலவே அச்செடுத்து வேலை செய்கிற ஆள் என்று பல்செட்காரருக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டிவிடவில்லை. ஹாரன் இரண்டு குரலில் அடிக்க வேண்டும் என்று இவர் அடித்துச் சொன்னார். எந்த முட்டைக் காருக்கும் இரட்டைக் குரல் ஹாரன் வந்ததில்லை, உங்கள் வண்டியை முன்பு வைத்திருந்தவர் யாரோ மாற்றியிருப்பார் என்று அவள் பழைய விளம்பரத்தோடு பதில் போட்டாள். பல்செட்காரர் அன்று பூராவும் யாரோடும் பேசவில்லை. வழக்கமாகவே பேசாத மனிதர் என்பதால் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இரண்டு மாதம் கழித்து கேமில் திருத்தங்கள் வந்தன. வைப்பர் சரியான பக்கம் படுத்தது. கதவு பிஸ்கட் டப்பா மாதிரி சாத்திக்கொண்டது. இரண்டாம் கியரில் அந்த முனகலும் வந்தபோது பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏப்ரனில் பிளாஸ்டர் தூசியோடு ஓடிப்போய் மனைவியை டிவி பக்கம் திருப்பினார்.

"கேளு. கேட்டியா, அந்தச் சத்தம்?"

"ம். அதே சத்தம்தான்."

"அப்ப நம்ம வண்டிதானே?"

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அவரைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. "இல்லங்க," என்றாள்.

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டல்லவா? "எதுதான் இல்ல? அத வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்," என்று இரைந்துவிட்டார். வாயைத் திறப்பதைப் பற்றி யார் யாரிடம் பேசுவது.

"சொல்லத் தெரியலங்க," என்றாள். குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் ஆசையில்லையா? பாக்கறப்பல்லாம் இதோ வந்துடுச்சின்னு தோணுது. அப்புறம் யாரோ ஊரான் வண்டி மாதிரி போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் பட்டறைக்குள் போய் ஒரு பல்லைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்த தேய்ப்பில் பல்லே காணாமல் போனது. அவளை அழவைத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போய் ஒரு வார்த்தை சொல்லலாம். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் மகளுக்குப் போன் செய்து, கம்பெனிப் பெண்ணிடம் கடைசியாக ஒருமுறை கேள் என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் என் வீட்டுக்காரிக்கு இது எங்கள் வண்டியாகத் தெரியவில்லை, இன்னும் எதை மாற்றலாம் என்று கேட்கச் சொன்னார்.

வந்த பதிலை மகள் போனில் படித்துக் காட்டினாள். அது ஒரு கேள்வியில் தொடங்கியது. உங்கள் மனைவி எந்த இருக்கையில் உட்காருவார்?

பல்செட்காரர் போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இடப்பக்க இருக்கை. வேறெங்கே? அவள் ஒருநாளும் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தது கிடையாது. இத்தனை மாதமாக அவர் வைப்பரையும் முள்ளையும் கியரையும் சரிபார்த்ததெல்லாம் தன் கண்ணால், தன் இருக்கையிலிருந்து. அவளிடம் கொண்டுபோய்க் காட்டியது அவருடைய காரை. அடுத்தவர் வாயில் எந்தப் பல் எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்கிற மனிதருக்கு, பக்கத்து இருக்கையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தது தோன்றவேயில்லை.

"இன்னும் எழுதியிருக்காங்கப்பா," என்றாள் மகள். "டிரைவர் கண்ணுக்கு எது தெரியுமோ அதத்தான் பாத்துப் பாத்து செஞ்சோம், அந்தப் பக்கம் யாரும் உட்கார மாட்டாங்கன்னு விட்டுட்டோம்ங்கறாங்க. ஆனா ஓட்டி முடிச்சதும் ரீப்ளே போட்டா கேமராவ அந்த சீட்டுக்கு நகர்த்தலாமாம். எந்த பட்டன்னு சொல்றேன், கேட்டுக்குங்க."

அன்று மதியம் அவர் ஒரு சுற்று ஓட்டி முடித்தார். மகள் சொன்ன பட்டன்களைத் தட்டுத்தடுமாறி அழுத்தினார். பந்தயம் முதலிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. கேமரா வலது இருக்கையிலிருந்து மெதுவாக நகர்ந்து இடப்பக்கத்துக்கு வந்து நின்றது.

கம்பெனிப் பெண் உண்மையைத்தான் எழுதியிருந்தாள். கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒரு கட்டி மாதிரி இருந்தது. டாஷ்போர்டில் அந்தப் பக்கத்துச் சின்ன அறையின் மூடி வெறும் கோடாக இருந்தது. திருத்த வேண்டியது இன்னும் ஒரு மலை இருக்கிறது என்று அவர் நினைப்பதற்குள் பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. அவள் முன்னால் சாய்ந்திருந்தாள்.

"இந்த மூலதாங்க," என்றாள். "இந்தக் கண்ணாடி மூல. இங்கதான் தலைய சாச்சுக்குவேன். நைட் டூட்டி முடிஞ்சு வர்றப்ப."

அவர் பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

"கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க."

திருப்பினார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு உருவம் இருந்தது. தலையில் ஹெல்மெட், கையில் உறை, உடம்பெல்லாம் பந்தய உடுப்பு. ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் முகமே இல்லை. நேராக முன்னால் பார்த்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"யாருங்க இவரு?"

"டிரைவரு. எல்லா வண்டிக்கும் இதே ஆளுதான்."

அவள் அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி ஒரு வளைவு திரும்பியது, இன்னொரு வளைவு திரும்பியது. "பேசவே மாட்டாரா?" என்றாள்.

"பொம்ம எப்படிப் பேசும்?"

"அதாங்க," என்றாள் அவள். "அதாங்க எனக்கு இத்தன நாளா சொல்லத் தெரியல. நம்ம வண்டில நீங்க பேசுவீங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. நானா, பேச்சா என்று கேட்கக்கூட வாயெடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பெரிய பட்டறை வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அவளிடம் சொன்னது வண்டியில். அப்பா சாகும்போது பக்கத்தில் இல்லாமல் போய்விட்டேனே என்று புலம்பியது வண்டியில். முதலாளி எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசியதை, வீட்டுக்குள் வந்து சொல்ல வெட்கப்பட்டு, சிக்னலில் நின்றபோது சொன்னது வண்டியில். அவள் முகத்தைப் பார்த்தால் அவருக்கு வார்த்தை வராது. சாலையைப் பார்த்தால் வரும். அவளை இறக்கிவிடும் வரை பேசுவார், மாலையில் ஏற்றிக்கொண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இவ்வளவு பேசிய மனிதர் தான்தான் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"வண்டிய வித்தப்புறம் என்கிட்ட என்ன பேசியிருக்கீங்க, சொல்லுங்க," என்றாள் அவள். கோபம் இல்லை; கணக்கைச் சரிபார்க்கிற குரல். "மாத்திர போட்டியா. கதவ சாத்துனியா. அவ்வளவுதானே? நாள் முழுக்க ஒரே வீட்டுல இருக்கோம். அந்தப் பொம்ம மாதிரிதான் நீங்களும்."

பல்செட்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"என் நாற்காலிய இந்தப் பக்கம் போடுங்க," என்றாள்.

அவளைப் பிடித்து எழுப்பி நிற்கவைத்து, நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் தன் இருக்கைக்கு இடது பக்கமாகப் போட்டார். அவள் மெல்ல உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். பந்தயம் தொடங்கியது. மற்ற கார்களெல்லாம் சீறிக்கொண்டு போய் மறைந்தன. காலியான சாலையில் முட்டைக் கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் கியர் முனகியது. முதல் வளைவுக்கு இண்டிகேட்டர் போட்டுத் திருப்பினார்.

"ஆஸ்பத்திரில," என்று ஆரம்பித்தார். "டாக்டர் வெளிய வந்து, எதையும் இப்ப சொல்ல முடியாதுன்னாரு. உனக்கு அப்ப நினைவில்ல."

"ம்."

"நீ இல்லாம நாளைக்கு நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே தோணல. காப்பி எப்படிப் போடறதுன்னுகூடத் தோணல. மாடிப்படில போய் உட்கார்ந்துட்டு அழுதேன். படி துடைக்கிறவங்க வந்து எழுந்திருங்கன்னு சொல்ற வரைக்கும் அழுதேன். ரொம்பப் பயந்துட்டேன்மா. இப்பவும் உன்ன ஜன்னல்கிட்ட பாக்கறப்பல்லாம் பயமாத்தான் இருக்கு. உன்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சொல்லி முடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, அவர் சாலையை விட்டுவிட்டு அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் கன்னம் நனைந்திருந்தது. சொன்னபடி கேட்கிற வலது கையை நீட்டி அவருடைய இடது கைமேல் வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. நம்ம வண்டி மரத்துல போய் இடிக்கப் போகுது."